மூன்றாம் பக்கத்துத் தென்னைமரம்

வாருங்கள், அருகே வந்து இந்தத் தாளைப் பாருங்கள். நான்கு பக்கம், வழவழப்பான காகிதம், பல வண்ண அச்சு. முகப்பில் சக்கர நாற்காலியில் அமர்ந்து சிரிக்கும் ஒருவரின் படம். அதன் கீழே, "நீங்கள் நீட்டும் கை, இவர்கள் ஊன்றும் கால்" என்றொரு வாசகம். திருமண மண்டபத்து வாசலில் யாரோ நீட்ட, நீங்களும் இப்படியொரு தாளை வாங்கியிருப்பீர்கள். மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பீர்கள், அல்லது அதன்மேல் பஜ்ஜியை வைத்து எண்ணெய் ஒற்றியிருப்பீர்கள். அது குற்றமில்லை. இன்று மட்டும் மூன்றாம் பக்கத்தைத் திருப்புங்கள். இடப்புறம் ஒருவரின் சிறு படமும், அதன் கீழே ஒரு சிறு பத்தியும் இருக்கின்றன.

"வெள்ளியங்கிரி, வயது முப்பத்தெட்டு. ஜேடர்பாளையம் அருகே ஒரு சிற்றூர். உழைப்பே உயிரென வாழ்ந்த இவர், ஒருநாள் தென்னை மரத்திலிருந்து தவறி விழுந்ததில் முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. விதியை நொந்துகொள்ளாமல் புன்னகையோடு வாழும் இவருக்குத் தேவை ஓர் உடற்பயிற்சிக் கூடம். உங்கள் உள்ளம் இளகாதா?"

இந்தப் பத்திக்குள் ஒரு களவு நடந்திருக்கிறது. படுத்த படுக்கையாகக் கிடந்த மனிதனிடம் மிச்சமிருந்த ஒரே உடைமை களவு போயிருக்கிறது. களவாடியவர் கெட்டவராக இருந்திருந்தால் காவல் நிலையம் போதும். உங்களைச் சாட்சிக்கு அழைக்க வேண்டிய தேவையே எழுந்திராது. அவர் நல்லவர். அதுதான் இந்தக் கதையின் கொடுமை.

அவர் பெயர் அக்சிலியா. வயது ஐம்பத்திரண்டு. சேலம் சூரமங்கலத்தில், தாயும் தந்தையும் இரண்டாண்டு இடைவெளியில் கல்லறைக்குப் போனபின், மூன்று அறை வீட்டில் ஒற்றை ஆளாக இருப்பவர். தம்பி ஜூட் பெங்களூரில். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டு வருவான், மறுநாளே போய்விடுவான். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லாரும் இரண்டிரண்டு பேராக, நான்கு நான்கு பேராகப் பேசியபடி படியிறங்குவார்கள். அக்சிலியா மட்டும் செருப்பைத் தேடுவதுபோல் சிறிது நேரம் குனிந்து நிற்பார். கூட்டம் கலைந்தபின் நிமிர்வார். செருப்பு எப்போதும் காலடியிலேயே இருக்கும்.

சங்ககிரிக்குப் போகும் சாலையில் ஊன்றுகோல் இல்லம் இருக்கிறது. முதுகெலும்பு முறிந்த இருபத்திரண்டு ஆண்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். மூட்டை தூக்கியவர்கள், லாரி ஓட்டியவர்கள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளோடு வடக்கே போய்த் திரும்பியவர்கள். அந்த இல்லத்துக்கு நன்கொடை திரட்டித் தருவது அக்சிலியாவின் வேலை. பதினோர் ஆண்டுகளாகச் செய்கிறார். நண்பகலில் தூக்குப்பாத்திரத்தைத் திறந்துகொண்டு கட்டில்களுக்கு நடுவே உட்காருவார். "சாப்டீங்களாக்கா?" என்று அவரைப் பார்த்து யாராவது கேட்கும் இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். அந்தக் கேள்விக்காகவே அவர் சனிக்கிழமையும் வேலைக்கு வருவதுண்டு.

ஒரு கோடையில் இரண்டு கட்டில்கள் காலியாயின. உடற்பயிற்சிக்கு இடமில்லை. நடைகூடத்தில் ஆளுக்குப் பத்து நிமிடம், அவ்வளவுதான். அசையாத உடம்பில் படுக்கைப்புண் எலும்புவரை இறங்கியது. இரண்டாவது சாவின்போது அக்சிலியா ஓர் உறுதி எடுத்தார்: அடுத்த கோடைக்குள் இங்கே ஒரு கூடம் எழும்ப வேண்டும்.

திருச்செங்கோட்டில் ரிக் உரிமையாளர்களின் ஆண்டுக் கூட்டம் வரவிருந்தது. அங்கே கொடுக்க ஒரு வேண்டுகோள் தாள் வேண்டும். அக்சிலியாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவரே வகுத்துக்கொண்டது. கோடு போட்ட நீள நோட்டில் ஒவ்வொருவரின் கதையையும் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவார். தேதி போடுவார். படித்துக் காட்டுவார். அடியில் கையெழுத்து வாங்குவார். வெள்ளியங்கிரி சொன்னதையும் அப்படித்தான் எழுதினார்:

"சத்தீஸ்கரில் ஒரு காட்டுப் பக்கம். ரிக்கின் இரும்புக் கோபுரத்தில் கம்பிவடம் சிக்கிக்கொண்டது. ஏறி எடுக்கச் சொன்னார்கள். இடுப்பு பெல்ட் கேட்டேன். வண்டியில் இல்லை என்றார்கள். இருபத்தைந்தடி உயரம். வண்டி ஜெகதீஸ்வரன் கவுண்டருடையது. அவருடைய லாரியிலேயே இரண்டு நாள் படுக்க வைத்து ஊருக்கு அனுப்பினார்கள்."

நோட்டை மூடிவிட்டு அக்சிலியா நெடுநேரம் யோசித்தார். அந்தக் கூட்டத்தில் உட்காரப் போகிறவர்கள் அத்தனை பேரும் ரிக் முதலாளிகள். இதைப் படித்தால் முகம் சுருங்கும். முகம் சுருங்கினால் கை நீளுமா? கை நீளாவிட்டால் கூடம் எழும்புமா? சிவப்புப் பேனாவை எடுத்தார். இரும்புக் கோபுரத்தை அடித்தார். சத்தீஸ்கரை அடித்தார். பெல்ட்டை அடித்தார். வண்டிக்காரரின் பெயரை அடித்தார். மேலே, தெளிவான கையெழுத்தில், தென்னை மரம் என்று எழுதினார். எதிலிருந்து விழுந்தால் என்ன, முறிவு ஒரே முறிவுதானே என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். வெள்ளியங்கிரியிடம் இம்முறை படித்துக் காட்டவில்லை.

தாள் வேலை செய்தது. கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்தவர் ஜெகதீஸ்வரன். ஒன்பது ரிக் வண்டிகளின் சொந்தக்காரர். மூன்றாம் பக்கத்தைக் கையில் பிடித்தபடி, "எங்கம்மா பேருல அந்தக் கூடத்த நானே கட்டித் தாரனுங்க" என்றார். மண்டபம் கைதட்டியது. அந்த மனிதன் விழுந்தது இவருடைய வண்டியிலிருந்து என்று அறிந்திருந்த அக்சிலியாவும் கை தட்டினார்.

எட்டு மாதங்கள் கழிந்தன. கூடத்தின் சுவர்கள் இடுப்பளவு எழும்பின, பிறகு தோளளவு. ஒருநாள் நண்பகலில் அக்சிலியா தூக்குப்பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தபோது வெள்ளியங்கிரி கூப்பிட்டார்.

"அக்கா, ஒண்ணு கேக்கோணுமுங்க. கோவிச்சுக்கப்படாது."

"கேளுப்பா."

"தென்ன மரம் ஏறோணும்னா என்னென்ன வேணுமுங்க?"

அக்சிலியா சிரித்தார். "எனக்கெங்க தெரியும்? சேலம் டவுன்ல பொறந்தவ நான்."

"எனக்குந் தெரியாதுங்க. ஆனா ஏறி உழுந்திருக்கறனாமுங்க. காயிதத்துல போட்டிருக்குது."

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினார். மூன்றாம் பக்கம். தென்னை மரம் என்ற சொற்களின் அடியில் யாரோ மையால் அழுத்திக் கோடிட்டிருந்தார்கள். வெள்ளியங்கிரியின் மனைவி சௌந்திரம் கணவருக்காக ஜெகதீஸ்வரன்மேல் இழப்பீட்டு வழக்குப் போட்டிருந்தது அக்சிலியாவுக்குத் தெரியும். கூட வேலை செய்தவர்கள் எந்த மாநிலத்துக்குப் போனார்கள் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் "உயரத்திலிருந்து விழுந்தவர்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. இப்போது எதிர்த்தரப்பு வக்கீல் இந்தத் தாளை விசாரணையில் நீட்டியிருக்கிறார். ஆள் விடுப்பில் ஊருக்குப் போனான், எங்கோ தென்னை ஏறி விழுந்தான். அவனைப் பராமரிக்கும் இல்லமே அச்சடித்துச் சொல்கிறது, வேறென்ன சாட்சி வேண்டும்?

"எங்க தோட்டத்துல தென்னையே இல்லீங்க அக்கா. ரெண்டு ஏக்கரும் மரவள்ளி. அது என்ற நெஞ்சு ஒசரம். அதுலருந்து உழுந்தேன்னு எழுதியிருந்தாலாச்சும் ஆபீசரு சிரிச்சிருப்பாரு."

பக்கத்துக் கட்டிலில் ராயப்பன் இருந்தார். செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்கியவர். "மரவள்ளியில இருந்து விழுந்தவனுக்கு எதுக்குடா மெத்தை? ஒரு சாக்கு போதாது?" என்றார். நான்கைந்து கட்டில்கள் சிரித்தன. வெள்ளியங்கிரியும் சிரித்தார். பிறகு சிரிப்பு ஒவ்வொரு கட்டிலாக அணைந்தது.

"நா சொன்னதத்தானுங்க நீங்க நோட்டுல எழுதுனீங்க? கையெழுத்துக்கூடப் போட்டனே."

"ஆமாப்பா."

"பின்ன யாருங்க மாத்துனது? பிரஸ்காரனா?"

எவ்வளவு எளிய வாசல்! ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அச்சகத்துக்காரன் வந்து மறுக்கப் போவதில்லை. இருபத்திரண்டு கட்டில்களும் காத்திருந்தன. அக்சிலியாவின் கையில் பிசைந்த சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"நான்தான்."

வெள்ளியங்கிரி கட்டில் கம்பியைப் பிடித்து மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இடுப்புக்கு மேலே மட்டும்தான் திரும்ப முடிந்தது. கால்கள் இரண்டும் கிடந்த இடத்திலேயே, அக்சிலியாவைப் பார்த்தபடி கிடந்தன.

"அடுத்த விசாரணை வெள்ளிக்கெழமைங்க" என்றார், சுவரைப் பார்த்து.

நிர்வாகி குணசீலன் இரக்கமற்றவர் என்று எண்ணிவிடாதீர்கள். செவிலியர் வராத நாட்களில் தம் கையாலேயே புண் கழுவிக் கட்டுப் போடுபவர். அக்சிலியா தாம் வெள்ளிக்கிழமை சாட்சி சொல்லப் போவதாகச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீங்க போய்ச் சொன்னா தாளு பொய்யின்னு ஆயிரும். தாளு பொய்யின்னா இல்லமே பொய்யி. அப்பறம் எவன் நமக்குக் கதவத் தொறப்பான்?"

"தாள் பொய்தானே சார்."

"ஒரு மரந்தானுங்க மாறுச்சு!"

"மரத்து மேல பழியப் போட்டுட்டோம் சார். மரம் நஷ்ட ஈடு தராது."

குணசீலன் எழுந்து சன்னலருகே போனார். வெளியே கூடத்தின் சுவர்மேல் இரண்டு பேர் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "போன சித்திரையில ரெண்டு பேரத் தூக்குனோம். நீங்க எந்த மூலையில நின்னு அழுதீங்கன்னுகூட எனக்கு ஞாபகம் இருக்குது. ஒருத்தனுக்காக மிச்சம் இருவத்தொரு பேர விட்டுருவீங்களா? சொல்லுங்க பாக்கலாம்."

நியாயமான கேள்வி அது. அந்தக் கேள்வியை எழுப்பியதே தம் சிவப்புப் பேனாதான் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

வியாழனன்று ஜெகதீஸ்வரனே கட்டட வேலையைப் பார்க்க வந்தார். வெள்ளை வேட்டி, பணிவான குரல். அக்சிலியாவைக் கண்டதும் கும்பிட்டார்.

"ஏனுங்க மேடம், சௌக்கியமுங்களா? லிண்டல் மட்டத்துக்கு வந்திருச்சு பாத்தீங்களா? நாளைக்கு எங்கியோ போறீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமாங்க."

"நா ஒண்ணுங் கெட்டவன் இல்லீங்க. அந்த ஆளோட ஆஸ்பத்திரிச் செலவு நாந்தான் பாத்தேன். இப்பக் கூடமே கட்டித் தாரேன். நேர்ல வந்து, சாமி குடுங்கன்னு கேட்டா இன்னுங் குடுப்பேன். கேஸப் போட்டுப் புடுங்கப் பாத்தா ஒத்த ரூவா தர மாட்டேன். எங்கம்மா பேரு நிக்கப்போற கட்டடமுங்க இது. பொய்யின்னு பேராச்சுன்னா அந்தப் பேரு இங்க நிக்க வேண்டாம்."

அக்சிலியா அவர் முகத்தை நேராகப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு மண்டபத்துல அந்தப் பக்கத்தக் கையில வெச்சிருந்தீங்களே. போட்டோவப் பாத்ததும் உங்களுக்கு ஆளத் தெரிஞ்சுதா?"

ஜெகதீஸ்வரன் சுவர்ப்பக்கம் திரும்பினார். "மேஸ்திரி! நேத்து கட்டுன செவுத்துக்குத் தண்ணி உட்டீங்களா இல்லியா?" என்று உரக்கக் கேட்டபடி நடந்தார்.

பார்த்தீர்களா? கெஞ்சினால் அள்ளிக் கொடுக்கும் கை, உரிமை என்று கேட்டால் மூடிக்கொள்கிறது. கும்பிட்டு வாங்குகிறவனுக்குக் கூடம். கணக்குக் கேட்கிறவனுக்குத் தென்னைமரம். நம் ஊர்களில் எத்தனை கல்வெட்டுகள் இப்படி நிற்கின்றன! எத்தனை மண்டபங்களில் நாமும் எழுந்து கை தட்டியிருக்கிறோம்!

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. சேலத்தில், தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் அலுவலகம். அக்சிலியா தனியாகப் பேருந்தில் வந்து, தனியாகப் படியேறி, சாட்சியாகத் தம் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, வாசல் பலகையில் அமர்ந்தார். அவர் யார் பக்கத்து ஆள் என்று யாருக்கும் விளங்கவில்லை. சௌந்திரம் எதிர்ப் பலகையில் இருந்தார். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், பேசவில்லை. எப்படிப் பேசுவார்? கணவருக்குக் கிடைக்க வேண்டியதைத் தட்டிப் பறித்த கை இவருடையது அல்லவா?

பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனார். நோட்டை அதிகாரியின் முன் விரித்து வைத்தார். "இந்த நீல எழுத்து வெள்ளியங்கிரி சொன்னது. அடியில இருக்கறது அவரோட கையெழுத்து. தேதியப் பாருங்க, வழக்குப் போடறதுக்கு எத்தனையோ மாசத்துக்கு முன்னாடி. இந்தச் சிவப்பு மை என்னோடது."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "எதுக்கும்மா மாத்தினீங்க?"

"படிக்கறவங்க மனசு நோகக்கூடாதுன்னு."

"யாரோட மனசு?"

"குடுக்கறவங்க மனசு."

"அப்ப நீங்க பொய் எழுதறவங்கன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. இன்னைக்குச் சொல்றது மட்டும் உண்மைன்னு ஐயா எப்படி நம்பறது?"

அக்சிலியா சிவப்பு மையின்மேல் விரலை வைத்தார். பிறகு சொன்னார்: "அன்னைக்குப் பொய் எழுதுனதுல எங்களுக்கு ஒரு கட்டடம் கெடச்சுதுங்க. இன்னைக்கு உண்மையச் சொல்றதுல அது போகப்போவுது."

அதிகாரி தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை கலவை இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு மேஸ்திரியின் ஆட்கள் போனார்கள். வாசல் உயரத்தோடு, லிண்டல் மட்டத்தில் சுவர் நின்றது. குணசீலன் அக்சிலியாவை வேலையிலிருந்து நீக்கவில்லை. அவருடைய மேசையைப் பழைய கட்டில்கள் போட்டு வைத்திருந்த அறைக்கு மாற்றினார். "கொஞ்ச நாளைக்கு நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம்" என்றார், அவ்வளவுதான். நண்பகலில் தூக்குப்பாத்திரத்தோடு கட்டில்களுக்கு நடுவே போனபோது, ராயப்பன் தம் சக்கர நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் முதுகிலும் ஒரு புண் தொடங்கியிருந்தது. யாரும் திட்டவில்லை. யாரும் கேட்கவும் இல்லை, சாப்டீங்களாக்கா என்று. பதினோர் ஆண்டுப் பழக்கம் ஒரு வாரத்தில் ஓய்ந்தது.

வெள்ளியங்கிரியும் பேசவில்லை. அது அக்சிலியாவுக்கு வலித்ததா? வலித்தது. சூரமங்கலத்து வீட்டில் சாவியைத் திருப்பும் ஓசைகூடப் பெரிதாகக் கேட்கத் தொடங்கியது. ஒருநாள் ஜூட் தொலைபேசியில் கூப்பிட்டபோது எல்லாவற்றையும் சொல்லிவிட நினைத்தார். "என்னக்கா, எல்லாம் நல்லாத்தான போகுது?" என்று அவன் கேட்ட வேகத்தில், "நல்லாத்தான்டா போகுது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான்கு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. வேலையின்போது நேர்ந்த விபத்து. உரிமையாளர் இழப்பீடு தந்தே ஆக வேண்டும். நோட்டின் நீல எழுத்து நின்றது.

வெள்ளியங்கிரி ஊருக்குப் புறப்பட்ட நாளில், சௌந்திரம் வேனுக்கருகே நிற்க, அவர் தாமே சக்கரத்தை உருட்டிக்கொண்டு பழைய கட்டில் அறையின் வாசல்வரை வந்தார். அக்சிலியா எழுந்து நின்றார்.

"வாரனுங்க அக்கா."

"போயிட்டு வாப்பா."

நன்றி என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்சிலியாவால் தாங்கியிருக்க முடியாது. சக்கரத்தைத் திருப்பியவர் ஒரு கணம் நின்றார்.

"ஊட்டுக்கிட்ட தென்னங்கன்னு ஒண்ணு வெக்கலாம்னு இருக்கறனுங்க. உங்க காயிதம் முழுசாப் பொய்யாப் போகக்கூடாதுல்லங்க."

அது மன்னிப்பா, கன்னத்தில் விழுந்த அறையா? முகத்தைப் பார்த்து அறிந்துகொள்ளலாம் என்றால் நாற்காலி அதற்குள் திரும்பிவிட்டிருந்தது. வேன் சங்ககிரிச் சாலையில் ஏறி மறையும்வரை அக்சிலியா வாசலிலேயே நின்றார்.

இப்போது அவர் நண்பகல் உணவை எங்கே உண்கிறார் தெரியுமா? கூரையில்லாத அந்தக் கூடத்தில். நான்கு சுவர், மேலே வெயில், மூலையில் ஒரு துண்டு நிழல். அந்த நிழலில் கவிழ்த்துப் போட்ட சிமெண்டுத் தொட்டியின்மேல் உட்கார்ந்து தூக்குப்பாத்திரத்தைத் திறக்கிறார். மறுபக்கத்தில் இருபத்தொரு பேர், நடைகூடத்தில் ஆளுக்குப் பத்து நிமிடம் என்று முறை வைத்துக் காத்திருக்கிறார்கள். இன்னொரு கோடை வந்துகொண்டிருக்கிறது.

உண்மையைச் சொன்ன ஒருத்தி மட்டும் அதன் விலையை ஒற்றையாகக் கட்டிக்கொண்டிருக்க, படித்து உச்சுக் கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? அந்தச் சிவப்புப் பேனாவை அவர் கையில் திணித்தது யார்? கண்ணீரைக் கேட்டுக் காரணத்தைக் கேளாத நாம்தான். நம் முகம் சுருங்கக் கூடாதென்றுதான் அங்கே ஒரு மரம் முளைத்தது. ஆகவே திருத்த வேண்டியவர்களும் நாமே.

அடுத்த தாள் நாளையோ மறுநாளோ உங்கள் கைக்கு வரும். மடித்து வைக்காதீர்கள். பேருந்து ஏறுங்கள். அந்த இல்லத்தைத் தேடிப் போங்கள். கட்டிலருகே அமர்ந்து, உங்களைப் பற்றி எழுதியிருப்பது இதுதான் என்று அந்த வரிகளை அந்த மனிதரின் காதுபட உரக்கப் படியுங்கள். இது நீங்கள் சொன்னதா என்று கேளுங்கள். உங்களை இங்கே கிடத்தியது யார் என்றும் கேளுங்கள். அந்தப் பெயர் வாசற்கல்வெட்டில் இருந்தால் அதையும் உரக்கப் படியுங்கள். அந்த மனிதரின் தலை ஆமென்று அசையும்வரை உங்கள் கை சட்டைப்பைக்குள் போகக் கூடாது. தலை அசைந்தபின் அது வெறுங்கையாக வெளியே வரவும் கூடாது.